பிளவக்கல் கரையில் முதுகு காட்டி உட்கார்ந்திருந்தவர்கள்

என் மனைவியின் இதயம் சென்ற ஆண்டு பித்தப்பைக் கல் ஆபரேஷனின்போது நின்றுபோனது. எவ்வளவு நேரம் என்று டாக்டரிடம் கேட்டேன். "நாலு நிமிஷத்துக்குள்ளதான் ஐயா, இப்ப நல்லா இருக்காங்க" என்றார். மூன்றா, மூன்றரையா என்று கேட்டேன். என் தோளைத் தட்டிவிட்டுப் போய்விட்டார். ஒரு நர்ஸைப் பிடித்து, அவள் சலித்துக்கொண்டே கேஸ் ஷீட்டைப் பார்த்து, மூன்று நிமிடம் நாற்பது விநாடி என்று சொன்ன பிறகுதான் என்னால் நாற்காலியில் உட்கார முடிந்தது.

நாற்பத்தொரு வருடம் உடன் இருந்தவள் இருநூற்று இருபது விநாடி இல்லாமல் இருந்திருக்கிறாள். அந்த நேரத்தில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். வராந்தாவில் இருந்த நாற்காலிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். பதினொன்று. அதில் ஒன்றுக்குக் கை உடைந்திருந்தது.

மூன்றாம் நாள் அவளுக்குக் கஞ்சி கொடுக்கலாம் என்றார்கள். நான்கு கரண்டி குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, சாதாரணமாகச் சொன்னாள்.

"ஏங்க, நான் பிளவக்கல் அணைக்குப் போயிட்டு வந்தேன்."

"எப்போ?"

"அன்னிக்கு, உள்ள கொண்டு போயிருந்தாகள்ல, அப்போ. கரை மேல நடந்து போறேன். நல்ல உச்சி வெயிலு, ஆனா சுடல. எதுக்கும் நெழல் விழல. அந்தப் பக்கம் தண்ணியப் பாத்துக்கிட்டு ஆளுக உக்காந்திருந்தாக. எனக்கு முதுகு காட்டி. ஒருத்தரும் திரும்பல. கூப்பிடலாம்னு வாயத் தெறந்தேன், யாரைன்னு கூப்பிட? பொறவு தொண்டை வறண்டுச்சு. கண்ணு முழிச்சா மூக்குல குழாய்."

"எத்தனை பேர்?"

"ஏழெட்டு இருக்கும்."

"ஏழா, எட்டா?"

"இந்தா பாருங்க, செத்துக்கிட்டிருக்கும்போது தலைய எண்ணிக்கிட்டா இருப்பாக?"

அன்று மாலையே இதை என் நோட்டில் எழுதிவைத்தேன். டாக்டரிடமும் சொன்னேன். மூளைக்கு ஆக்சிஜன் குறைந்தால் இப்படித் தோன்றும், பயப்பட வேண்டாம் என்றார். நான் படித்தவன், ஒத்துக்கொண்டேன். ஆனால் அவள் ஆயுளில் பிளவக்கல்லுக்கு இரண்டே முறைதான் போயிருக்கிறாள். வீடு, தையல் மெஷின், பிறந்த ஊர், நாங்கள் வருடா வருடம் தேர் பார்க்கப் போகும் ஸ்ரீவில்லிபுத்தூர் என்று எவ்வளவோ இருக்க, மூளை ஏன் அந்தக் கரையைத் தேர்ந்தெடுத்தது என்று கேட்டேன். அவர் அடுத்த படுக்கைக்குப் போய்விட்டார். அந்தக் கேள்வியையும் நோட்டில் எழுதிவைத்தேன்.

நாங்கள் வீடு திரும்பிய மறுநாள் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். என் மனைவி வீட்டின் முன்னறையில் இருபத்தெட்டு வருடமாக ரவிக்கை தைக்கிறாள். ராஜபாளையத்துக்குள் மட்டுமல்ல, தளவாய்புரம் வரைக்கும் அவளிடம் அளவு கொடுத்தவர்கள் உண்டு. "டெய்லரக்கா செத்துப் பொழச்சு வந்திருக்காக" என்பது அந்த அளவு தூரத்துக்கும் போய்விட்டது. வந்தவர்கள் ஹார்லிக்ஸ் பாட்டில் கொடுத்தார்கள், உடம்பைக் கேட்டார்கள், பிறகு குரலைத் தாழ்த்தி எல்லாரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். எங்க அப்பா இருந்தாரா? எங்க அக்கா இருந்தாளா? தெலுங்கு பேசுகிற எதிர்வீட்டம்மா, வேறு யாருக்கும் விளங்கக் கூடாது என்பதுபோல, "மா நாயன உன்னாடா அக்கட?" என்று தன் அப்பாவைப் பற்றிக் கேட்டாள்.

என் மனைவி ஒவ்வொருவருக்கும் அதையே சொன்னாள். கரை, வெயில், நிழல் இல்லை, முதுகு. "மொகத்தப் பாக்கல தாயி. பாத்தேன்னு எப்பிடிச் சொல்ல?"

இரண்டு மாதத்தில் ஐம்பத்து மூன்று பேர் வந்தார்கள். நான் பக்கத்து அறையில் உட்கார்ந்து என் நோட்டில் உள்ளதோடு ஒப்பிட்டபடி ஐம்பத்து மூன்று முறையும் கேட்டேன். முப்பத்து நான்கு வருடம் ஒரு நூற்பாலையின் பரிசோதனை அறையில் இருந்தவன் நான். ஓடுகிற நூலை அங்கங்கே எடுத்து, அளந்து சுற்றி, எடைபோட்டு, ஒரே கனத்தில் வருகிறதா என்று பார்ப்பது என் வேலை. எந்த மெஷினிலும் காலையில் வந்த நூல் மாலையில் கொஞ்சம் மாறும். இவள் சொன்னது மாறவில்லை. யாரும் அழுதாலும் மாறவில்லை. ஏழு என்றோ எட்டு என்றோ ஒருமுறைகூட முடிவாகச் சொல்லாதது மட்டும் எனக்கு வருத்தம். ஏழெட்டு என்றுதான் கடைசிவரை சொன்னாள்.

அவள் ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லியிருந்தால் எங்கள் வாசலில் கூட்டம் நின்றிருக்கும். வத்திராயிருப்புப் பக்கம் உடுக்கை அடித்துக் குறி சொல்கிற கோடாங்கிக்குப் பிழைப்பு போயிருக்கும். இதை நான் பெருமையோடு எழுதுகிறேன்.

நானும் கேட்டேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. ஒரு மத்தியானம் அவள் பட்டன் கட்டிக்கொண்டிருந்தபோது, "எங்கம்மா இருந்துச்சா?" என்றேன். அவள் ஊசியை நிறுத்தி என்னைப் பார்த்தாள். "ஒங்களுக்கும் அதே பதில்தாங்க" என்றாள். பிறகு எழுந்துபோய்க் காப்பி போட்டுக் கொண்டுவந்தாள்.

ஐம்பத்து நான்காவதாக வந்தவள் வன்னியம்பட்டிக்காரி. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஆட்டோவில் போகிற தூரம் அது. கொஞ்சம் நிலம் உண்டு, புருஷன் இல்லை. மகளுக்கு ஆவணியில் கல்யாணம் வைத்திருந்தாள். மாப்பிள்ளை பட்டாளத்தில் இருக்கிறான். கல்யாண ரவிக்கைக்குத் துணி கொடுக்க வந்தவள், துணியைக் கொடுத்துவிட்டு எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு ஒரு மகன் இருந்தான். போலீஸ் தேர்வுக்கு ஓடிப் பழகிக்கொண்டிருந்தவன், இருபத்தாறு வயதில் லாரியில் அடிபட்டுப் போய்விட்டான். இரண்டு வருடம் ஆகிறது.

"அக்கா, எம் மகன் அங்க இருந்தானா?"

"மொகம் பாக்கல தாயி."

"ஒசரமா இருப்பான். முதுகப் பாத்தாலே தெரியும்."

"எல்லாம் உக்காந்திருந்தாக. எனக்குத் தெரியல."

அவள் எழுந்து வெளியே வந்தபோது வாசல்படியில் தடுமாறினாள். நல்ல வெயில். நான் குடையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப் வரைக்கும் கூடப் போனேன். போகிற வழியில் அவள் சோறு தின்று எத்தனை நாள் ஆயிற்று என்று சொன்னாள். மகளுக்குக் கல்யாணம் செய்யப் போகிறோமே என்ற சந்தோஷம்கூட நெஞ்சுக்குள் இறங்கவில்லை என்றாள். "ஒரு வார்த்தை, இருந்தான்னு சொல்லியிருந்தா தண்ணி குடிச்ச மாதிரி இருந்திருக்கும் அண்ணாச்சி" என்றாள்.

நான் சொல்லிவிட்டேன்.

"இருந்தான்மா. அவ சொல்ல மாட்டா. உடம்பு சரியில்லாதவ, பயப்படுதா. எங்கிட்ட சொன்னா. ஒம் மகன் அங்க இருந்தான்."

அவள் குடைக்காம்பைப் பிடித்துக்கொண்டாள். "என்ன உடுத்தியிருந்தான்?"

இதை நான் எதிர்பார்க்கவில்லை. பஸ் ஸ்டாப்புக்கு எதிரே யாரோ ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கு வைத்த பெரிய பிளெக்ஸ் போர்டு நின்றது. என் கண் அதில் இருந்த மாப்பிள்ளை படத்தில் விழுந்தது. "பட்டு வேட்டி, பட்டுச் சட்டை. சிரிச்ச மொகம்" என்றேன்.

அவள் பஸ் ஏறினாள். ஜன்னலோரம் உட்கார்ந்து என்னைக் கும்பிட்டாள். ஒரு நல்ல காரியம் செய்த திருப்தியோடு வீட்டுக்கு வந்து இரண்டு இட்லி கூடுதலாகத் தின்றேன். மனைவியிடம் சொல்லவில்லை.

பதினோராம் நாள் அந்த மகள் தனியாக வந்தாள். காலை பத்து மணி. முகம் கழுவாமல் பஸ் ஏறியவள் போலிருந்தாள்.

"பெரியம்மா, என் துணிய வெட்டிட்டீங்களா?"

"நாளைக்கு வெட்டணும். ஏன், கழுத்த மாத்தணுமா?"

"வெட்டாதீங்க. கல்யாணம் நின்னுரும் போல."

என் மனைவி அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்தாள். அந்தப் பெண் அழாமல், பாடம் ஒப்பிப்பது போலச் சொன்னாள். எங்கள் பக்கத்தில் கல்யாணம் ஆகாத இளவட்டம் செத்தால், எரிக்கும் முன்னால் ஒரு வாழைமரத்தை மணப்பெண்ணாக வைத்துத் தாலி கட்டுவது போல ஒரு சடங்கு செய்கிற வழக்கம் பல வீடுகளில் உண்டு. குறையோடு போகக் கூடாது என்பதற்காக. இவள் அண்ணன் உடம்பு ஆஸ்பத்திரியிலிருந்து கட்டி முடிந்து வந்தது. முகத்தைக்கூடத் திறக்கவில்லை. வந்த ஒரு மணி நேரத்தில் தூக்கிவிட்டார்கள். வாழைமரச் சடங்கு நடக்கவில்லை. சொந்தக்காரர்கள் அப்போதே முணுமுணுத்தார்கள்.

"இப்ப அண்ணன் அங்க மாப்பிள்ளை வேசத்துல நிக்குதான்னு அம்மா சொல்லுது. மூத்தவனுக்கு முடிக்காம எளையவளுக்கு முடிச்சா வெளங்காதாம். கோடாங்கிகிட்டப் போச்சு. அவரு வாழைக்குத் தாலி கட்டி, ஒரு வருசம் கழிச்சுத்தான் வீட்டுல வேற நல்லது நடக்கணும்னுட்டாரு. மாப்பிள்ளைக்கு முப்பது நாள்தான் லீவு பெரியம்மா. பதினாலு நாள் ஓடிருச்சு. அவுக வீட்டுல, இந்த லீவுல ஆகலன்னா வேற எடம் பாப்போம்னு சொல்லி விட்டுட்டாக."

"மாப்பிள்ளை வேசமா? அது யாரு சொன்னா?"

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். "பெரியப்பாதான். பட்டு வேட்டி, பட்டுச் சட்டைன்னு."

தையல் மெஷினுக்கு மேலே உள்ள மின்விசிறியின் மூன்று இறக்கைகளையும் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். என் மனைவி திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். அவளுக்கு வயிற்றில் நான்கு துளை போட்டு ஆபரேஷன் செய்து முழுதாக மூன்று மாதம் ஆகவில்லை, பஸ்ஸில் போகக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். இதை நான் நினைவூட்டினேன்.

"சட்டைய மாட்டுங்க" என்றாள்.

அந்தப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் வரை பஸ், அங்கிருந்து ஆட்டோ. ஆட்டோவில் குலுக்கல் வரும்போதெல்லாம் ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். பதினேழு முறை. நான் நடுவில் மூன்று தடவை பேச ஆரம்பித்து, பிளெக்ஸ் போர்டைப் பார்த்துத்தான் சொன்னேன் என்பதை மட்டும் சொல்லி முடித்தேன். "அங்க போயிப் பேசுங்க" என்று மட்டும் சொன்னாள்.

அந்த வீட்டு முற்றத்தில், வேரோடு தோண்டி எடுத்த இளம் வாழை ஒன்று சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அடியில் ஈரச் சாக்கு. தாய்க்காரி எங்களைப் பார்த்ததும் எழுந்து ஓடிவந்தாள். "வாங்கக்கா, வாங்கண்ணாச்சி, நாளைக்குச் சடங்கு, நீங்களே வந்துட்டீக" என்றாள். முகம் தெளிந்துதான் இருந்தது. இரண்டு வருடத்துக்குப் பிறகு மகனுக்குச் செய்ய ஒரு வேலை கிடைத்த முகம் அது.

என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் நின்றபடியே சொன்னேன். என் மனைவி உன் மகனைப் பார்த்ததாக என்னிடம் சொல்லவில்லை, நானாகச் சொன்னேன், பொய் என்றேன்.

தாய்க்காரி சிரித்தாள். "அக்கா சொல்லச் சொல்லியிருக்காக. வெளிய சொன்னா பலிக்காதுன்னு மறைக்கீக. எனக்குத் தெரியும்."

நான் மூன்று முறை சொன்னேன். மூன்று முறையும் நம்பவில்லை. பொய்யை ஒரே தடவையில் நம்பியவள் உண்மையைக் கேட்கவே மாட்டேன் என்கிறாள். அப்போதுதான் நான் செய்தது எனக்கு முழுதாக விளங்கியது.

என் மனைவி வாழைமரத்துக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். உட்காருவதற்கு அவளுக்கு இரண்டு கை ஊன்ற வேண்டியிருந்தது. பிறகு முதலிலிருந்து சொன்னாள். கரை, உச்சி வெயில், நிழல் இல்லை, முதுகு. ஒரு வார்த்தை கூடவில்லை, குறையவில்லை.

"ஒரு சட்டை நெறமாவது?" என்றாள் தாய்க்காரி.

"பாக்கல."

"பட்டுன்னு அண்ணாச்சி சொன்னாகளே."

"அது எங்க ஊரு பஸ் ஸ்டாப்புல இருக்க பிளெக்ஸ் போர்டு தாயி. ஆட்டோவுல வரும்போதுதான் அதையாவது ஒழுங்காச் சொன்னாரு."

தாய்க்காரி என்னை நோக்கித் திரும்பினாள். "எந்த போர்டு? எதுக்க, மருந்துக் கடைக்கு மேல இருக்கே, அதா?"

"அதுதாம்மா."

"அந்தத் தொந்திக்காரப் பயலையா? கண்ணாடி மாட்டிக்கிட்டு, மீசைய முறுக்கிக்கிட்டு நிக்கானே, அவனையா எம் மகன்னு சொன்னீக?" அவள் குரல் ஏறியது. "பள்ளிக்கூடம் படிச்ச மனுசன் நீங்க! எம் மகன் வயிறு ஒட்டிக் கெடக்கும் அண்ணாச்சி! தெனம் அஞ்சு மைலு ஓடுதவன்! அந்தப் பானை வயித்தப் பாத்தா எம் மகன் தெரிஞ்சான்!"

மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். தாய்க்காரிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடியும் முன்னால் அது அழுகையாக மாறியது. என் மனைவி அவள் முதுகில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆறு நிமிடம்.

பிறகு தாய்க்காரி மூக்கைச் சிந்திவிட்டுக் கேட்டாள். "அப்போ அவன் எதுவும் கேக்கலியாக்கா?"

"எனக்குத் தெரியாது. கேட்டானோ, கேக்கலையோ. அவன் வாயில நாங்களா ஒரு வார்த்தைய வச்சுட்டோம். அத எடுக்கத்தான் வந்தோம்." வாழையைக் காட்டி, "வாழைக்குச் செய்யணும்னு ஒன் மனசு சொன்னாச் செய்யி. அது ஒம் பாடு. ஆனா அங்க இருந்து சொல்லி விட்டாக, அதனால இவ கல்யாணத்த நிறுத்துதேன்னு சொல்லாத. ஒருத்தரும் சொல்லி விடல" என்றாள்.

இதற்கு மேல் அவள் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. நானாக இருந்தால் இன்னும் பத்து வார்த்தை சொல்லியிருப்பேன். அதில் எட்டு தப்பாகியிருக்கும்.

தாய்க்காரி எழுந்து வாழையின் அடியில் இருந்த ஈரச் சாக்கைச் சரிசெய்தாள். பிறகு மகளைப் பார்த்து, "ஏட்டி, போன எடு. அவுக அம்மா நம்பரப் போடு" என்றாள். மாப்பிள்ளை வீட்டில் என்ன பேசினார்களோ, இவள் நான்கு முறை "தப்புத்தான் மதினி" என்றாள். பிறகு, "சொன்ன தேதியிலேயே" என்றாள்.

வாழைச் சடங்கை அவள் மறுநாள் காலையிலேயே செய்தாள். கோடாங்கியைக் கூப்பிடவில்லை, சொந்தத்தைக் கூப்பிடவில்லை. மஞ்சள் கயிறு கட்டி, வெட்டி, தலை முழுகியாயிற்று என்று மகள் போனில் சொன்னாள். அது அவன் கண்ணில் பட்டிருக்குமா, படுவதற்கு அங்கே கண் என்று ஒன்று உண்டா என்றெல்லாம் நான் யோசித்து, ஒன்றும் தெரியாமல் விட்டுவிட்டேன். என் மனைவி அன்று மாலையே ரவிக்கையை வெட்டினாள்.

கல்யாணத்துக்கு இருவரும் போயிருந்தோம். மண்டபம் ஸ்ரீவில்லிபுத்தூரில். மாப்பிள்ளைக்கு லீவில் இன்னும் ஒன்பது நாள் பாக்கி இருந்தது. முதல் பந்தியில் எங்களை உட்காரவைத்தார்கள். தாய்க்காரி சாப்பிடவில்லை, எங்கள் இலைக்கு எதிரே நின்றுகொண்டு சாம்பார் கொண்டுவா, அப்பளம் கொண்டுவா என்று விரட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்து இலையில் இருந்த பெரியவர் அவளுக்கு மாமன் முறை. ரிட்டயர்டு போலீஸ்காரர். அவர் என் மனைவியை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, குனிந்து, மெல்லக் கேட்டார்.

"செத்துப் பொழச்சு வந்தவுக நீங்கதானா? அங்க எங்க அய்யா இருந்தாரா, பாத்தீகளா?"

என் மனைவி வாயிலிருந்த சோற்றை விழுங்குவதற்குள் தாய்க்காரி முந்திக்கொண்டாள்.

"மாமா, அவுக யாரு மொகத்தையும் பாக்கல. எங்கிட்டயே பாக்கலன்னுதான் சொன்னாக. கல்லு மாதிரி சொன்னாக. ஒங்களுக்கு மட்டும் மாத்தியா சொல்லப் போறாக? ரசம் வருது, கையில ஊத்திராம வாங்குங்க."

பெரியவர் ரசத்துக்குச் சோற்றில் குழி பறித்தார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அந்தப் பந்தியில் என் மனைவிக்குப் பக்கத்து இலை என்னுடையது என்பது எல்லாருக்கும் தெரியும்படி உட்கார்ந்தேன்.